பாக்கியத்துக்கு மேற்கே நான்

ஓக்லாண்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற இடத்துக்கு த்ரீ கிங்ஸ் என்று பெயர். மூன்று அரசர்களாம், மூன்று மலைகளாம். நான் எண்ணிப் பார்த்தால் ஒரு மலைதான் நிற்கிறது. ஒருநாள் வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மலையைக் காட்டி, "அதர் டூ, வேர்?" என்று கேட்டேன். நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்து, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் பஸ் தரிப்பில் விட்டாள். நல்ல பெண். மற்ற மலைகளைக் கல்லுக்காகத் தோண்டி ரோட்டுகளில் கொட்டிவிட்டார்கள் என்று பிறகு மகன் ரகு சொன்னான். மலை போய்விட்டது, பெயரை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற மகள் சுமதி ஒரு தடித்த புத்தகம் அனுப்பியிருந்தாள். அவள் வீடு வாங்கியிருக்கிற கவுண்டியின் சரித்திரம். கவுண்டி என்றால் நாலைந்து சிறிய ஊர்களும் சோள வயல்களும் சேர்ந்த ஒரு பகுதி. ஞாயிற்றுக்கிழமை ரகு அதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஆறு எங்கே வளைகிறது, முதல் வந்த குடும்பங்கள் எவை, யாருடைய வைக்கோல் கொட்டில் எரிந்தது, எல்லாம் இருந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது. அவர்கள் வந்தபோது அந்த மண்ணில் ஒருவரும் இருக்கவில்லையாம். அடுத்த பக்கத்தில், முதல் உழவிலேயே உடைந்த சட்டிகளும் அம்பு முனைகளும் கிளம்பினவாம்.

"ஒருத்தரும் இல்லாத இடத்தில ஆரடா சட்டி வைச்சுச் சமைச்சது?"

"அது பழங்கதை அம்மா. விடுங்கோ. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

புத்தகத்துக்குக் கீழே இருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். ஊரில் அரசாங்கத்தின் காணிக் கந்தோரில் இருந்து வந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பேன். "ஆளற்ற காணி" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. சண்டையில் ஆமி வந்து எங்களை எழுப்பிவிட்டு, கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டு, இப்போது ஆளில்லையாம். கையெழுத்து வைத்து அதை விட்டுக்கொடுத்தால் வேறெங்கோ ஒரு துண்டு தருவார்களாம்.  

எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் இலக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. நாலு எல்லையிலும் இருக்கிறவர்களின் பெயர்தான் கணக்கு. என் உறுதியில் கிழக்கே பாக்கியம், வடக்கே போகவர ஒழுங்கை, மேற்கே கோயில் காணி, தெற்கே பனங்கூடல், நடுக்கிணற்றில் பாதிப் பங்கு. மற்றப் பாதி பாக்கியத்துடையது. அவளுடைய உறுதியில் மேற்கு எல்லை என்று எழுதியிருப்பது என் பெயரை. அவள் இத்தனை வருசமாகத் தகரக் கூரைக்குக் கீழே முகாமில் இருந்துகொண்டு, வேலி திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கையெழுத்து வைத்தால் அவளுக்கு மேற்கே யார்?

"அங்க போய் நீங்களே இருக்கப் போறியள்?" என்றான் ரகு. "சுமதியும் கையெழுத்து வைக்கச் சொல்லிப்போட்டாள்."

"அவள் ஆருடைய காணியில வீடு வாங்கியிருக்கிறாள் எண்டு முதல்ல அவளைக் கேள்."

"அப்ப நாங்கள் இஞ்ச ஆருடைய காணியில இருக்கிறம்?"

 அந்த மலையை உடைத்துப் போட்ட ரோட்டால்தான் நான் கோயிலுக்குப் போய் வருகிறேன். இந்த மண்ணில் முதல் அடுப்பு மூட்டியவர்களின் பெயரில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கோபம் திரும்பி என்மேலேயே வந்தது. ஆனாலும் அது தணிந்தபாடில்லை.

கையெழுத்து வைக்கவில்லை. கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின் மேல், நாலு எல்லையையும் பெயர் பெயராக எழுதினேன். எழுத்து கோணல்தான். ரகு தலையில் கை வைத்துக்கொண்டு, "கடிதத்தைப் பழுதாக்கிப்போட்டியளே!" என்றான்.

பிறகு இந்த வீட்டுக்கும் எல்லை எழுதிப் பார்த்தேன். கிழக்கே, என்னைப் பஸ் தரிப்பில் விட்ட பெண், பெயர் கேட்கவில்லை. மேற்கே ஆரென்று தெரியாது. வடக்கே ரோட்டு. தெற்கே, முன்பு மலையாக இருந்த ஒரு பள்ளம். நான் இருப்பது இவற்றுக்கு நடுவில். ஒருவருடைய உறுதியிலும் இங்கே என் பெயர் இல்லை. பாக்கியத்துக்கு மேற்கே மட்டும் இருக்கிறது.