வயர் மாறவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறைக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா மகள் ராணியின் வீடு. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. கணவர் தங்கராஜுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், அண்ணன் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகணும் என்று அழைப்பு.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். பரிமாறிக்கொண்டிருந்தவள் நடுநடுவே வலது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஏட்டி, தோள்ல என்ன?” என்றேன்.

“நாலு நாளா நெஞ்சுல இருந்து கைக்கு ஒரு கடுப்பு இறங்குது அண்ணே. பாரம் தூக்கி வச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் இருந்தா போயிரும்.”

நெஞ்சு என்றதும் எனக்குத் திக்கென்றது. “எந்தப் பக்கம்?”

“வலதுதான். பயப்படாதிய... நீங்கதானே பேப்பர்ல எழுதியிருந்திய? இடது நெஞ்சு, இடது கையின்னாதான் ஹார்ட்டுன்னு. நான் அத வெட்டி வச்சிருக்கேன்.”

உண்மைதான். போன வருடம் இதே பத்தியில், பெரிய டாக்டர் மாதிரி அப்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அதை ஒருத்தி வெட்டியே வைத்திருக்கிறாள்! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“கத்தி பிடிக்கிற கைதானே? தசைப்பிடிப்பா இருக்கும். தைலம் போட்டு விடு” என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கிழங்கை எடுத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. தட்டுகளோடு எழுந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெற்றி, கழுத்து, முதுகு... தொப்பலாக வியர்வை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் வியர்க்கிற நாளே இல்லை அது.

“வாந்தி வாற மாதிரி இருக்கு” என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

தங்கராஜ் சோடா வாங்கக் கிளம்பினார். “வேண்டாம் மாப்ளே, என் கார்ல ஏத்து” என்றேன். வலி எந்தப் பக்கமாவது இருந்துவிட்டுப் போகட்டும்... அந்த வியர்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பூதப்பாண்டி தாண்டும்வரை பின்சீட்டில் இருந்து ஒரே கேள்விதான். “வலதுதானே அண்ணே... அப்போ ஒண்ணும் இருக்காதுல்லா?”

நான் காரை இன்னும் விரட்டினேன்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. இ.சி.ஜி. எடுப்பவர் வயர்களை மாட்டி, வந்த பேப்பரைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “அக்கா, வலது கை வயரையும் இடது கை வயரையும் மாத்திப் போட்டுட்டேன் போல” என்று கழற்றி மறுபடி மாட்டினார். இரண்டாவது பேப்பரும் அப்படியே வந்தது. மூன்றாவதும்.

“பத்து வருசமா இந்த வேலை பாக்கேன் சார். வயர் சரியாத்தான் இருக்கு...” என்று என்னிடம் மெல்லச் சொன்னவர், ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர், என் மகள் வயதுப் பெண். வேகமாக வந்தவர் ஸ்டெதாஸ்கோப்பை ராணியின் இடது நெஞ்சில் வைத்தார். கேட்டார். சற்று நகர்த்தினார். மறுபடி கேட்டார். நடு நெஞ்சுக்கு வந்தார். அதையும் தாண்டி வலப்பக்கம் போனார். அங்கே அவர் கை நின்றது.

அந்த அவசரத்திலும் ஒரு கணம் அவர் அவசரத்தை மறந்ததைப் பார்த்தேன்.

“இங்க இருக்கு” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு நிமிர்ந்தார். “வயர் மாறலை. இவங்க ஹார்ட்டே வலது பக்கம்தான் இருக்கு. கை வயரை மாத்துங்க, நெஞ்சு வயரை எல்லாம் வலப்பக்கமா ஒட்டுங்க.”

அப்படி எடுத்த நான்காவது பேப்பரில் தெளிவாகத் தெரிந்தது. மாரடைப்பு.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். மென்று தின்ன மாத்திரை, கையெழுத்து, ஸ்ட்ரெச்சர், மூடிக்கொண்ட கதவு. வெளியே பெஞ்சில் தங்கராஜ் என் கையைப் பிடித்தபடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. அவள் வெட்டி வைத்திருந்த அந்த வரி மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாள் அந்த வலியை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்கி நடந்திருக்கிறாள்... யார் கொடுத்த தைரியத்தில்?

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கதவு திறந்தது. “அடைப்பை எடுத்தாச்சு. ஸ்டென்ட் வச்சிருக்கோம். நல்லா பேசுறாங்க” என்றார் பெரிய டாக்டர். தங்கராஜ் எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் அந்தப் பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார். அவருக்கே ஆச்சரியம் அடங்கவில்லை. இதயம் மட்டுமல்ல, ராணிக்கு எல்லாமே திரும்பித்தான் இருக்கிறதாம். கல்லீரல் இடப்பக்கம், இரைப்பை வலப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. எதுவும் கோணலாக இல்லை, எதுவும் குறையாக இல்லை. இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறாள், தினமும் மலைச்சரிவில் நடந்திருக்கிறாள். நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அதுவரை ஒரு நோயும் வரவில்லை.

“படத்தை இடம் வலமா திருப்பிப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்டென்ட் வச்சேன். இல்லன்னா என் கை குழம்பியிருக்கும்” என்று சிரித்தார்.

அந்த இதயத்தைத் திரையில் பார்த்தேன். அவள் கைமுஷ்டி அளவுதான். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வந்த ரத்தத்தை ஒரு பாதி வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வந்ததை மறு பாதி வாங்கி, உச்சி முதல் உள்ளங்கால்வரை தள்ளுகிறது. நடுவே மெல்லிய வால்வுகள்... போனது திரும்பி வராதபடி திறந்து மூடி, திறந்து மூடி. ராணி வயிற்றில் இருக்கிறாள் என்று சித்திக்கே சரியாகத் தெரியும் முன் ஆரம்பித்த துடிப்பு. ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

அதைவிட ஒன்று சொன்னார், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை ரத்தம் உள்ளே வந்து போனாலும், இதயத்தின் தசை அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லையாம். தனக்கென்று மேலே படர்ந்திருக்கும் சின்னக் குழாய்கள் வழியாகத்தான் அதற்குச் சாப்பாடு. அதையும் பெரும்பாலும் எப்போது வாங்கிக்கொள்கிறது தெரியுமா? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, தளர்கிற அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில்!

அந்தச் சின்னக் குழாய் ஒன்றில்தான் கொழுப்பு படிந்து, அதன்மேல் ரத்தம் கட்டி அடைத்திருந்தது.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். “வலது பக்கம்னா ஒண்ணுமில்லைன்னு நான்தான் சொன்னேன் டாக்டர். எழுதியும் இருக்கேன்.”

அவர் திட்டவில்லை. “இவங்களுக்கு ஹார்ட்டே வலது பக்கம். ஆனா இடது பக்கம் இருக்கவங்களுக்கே வலி வலது கையில வரலாம் சார். தாடையில, முதுகுல, மேல்வயித்துல வரலாம். சுகர் இருந்தா வலியே இல்லாமக்கூட வரும், வெறும் வியர்வை, மூச்சுத்திணறல்னு. மாத்தி எழுதுங்க.”

மாற்றி எழுதுகிறேன். போன வருடம் நான் எழுதிய அந்த வரி தப்பு. பழைய பத்தியை யாராவது வெட்டி வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். நெஞ்சில் பாரம் என்றால், எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். பக்கத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

தாமதத்துக்கு ராணி கொடுத்த விலை உண்டு. இதயத் தசையில் ஓர் ஓரம் செத்துவிட்டது. அது திரும்ப வராது. மூன்று மாதம் கத்தியைத் தொடக்கூடாது. வாழ்நாள் முழுக்க மாத்திரை. அதை அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குத்திச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்களாம், இருவருக்கும் இடது பக்கம்தான். “அப்போ நம்ம குடும்பத்துல எனக்கு மட்டும்தான் போல” என்றாள். கொஞ்சம் கர்வம் தெரிந்தது. தோட்டத்துப் பெண்கள் வரிசையாக வந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

தங்கராஜ் தலையை ஆட்டினார். “இருவத்தெட்டு வருசம் மச்சான்! இவளுக்க இதயம் எந்தப் பக்கம்னே தெரியாம குடும்பம் நடத்தியிருக்கேன்.”

“நீங்க என்னைக்கி கேட்டிய?” என்றாள் ராணி.

மாத்திரை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போன மனுஷன், வெகு நேரம் வெளியே வரவில்லை.