திறக்க ஒரு கை, மூட இரண்டு கை

கோட்டைக்குப்பத்தில் நண்டு கட்டுகிறவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் நண்டைப் பிடித்துத்தான் கட்டுவார்கள். செவ்வந்தி வந்து பலகையில் உட்கார்ந்தால் நண்டே கொடுக்கை நீட்டிவிடும். நான் சொல்வதில் பாதி பொய் என்று அவள் கூட்டாளி மேரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தப் பாதி என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. அதனால் தைரியமாக மேலே போகிறேன்.

ஏரிச் சேற்றில் அகப்படும் கல்நண்டு உயிரோடு விற்கிற சரக்கு. உயிரோடு என்றால் கோபத்தோடு என்று அர்த்தம். இரண்டு கொடுக்கையும் உடம்போடு சேர்த்து நைலான் நூலால் கட்டி, ஈரச்சாக்கு போட்டுக் கூடையில் அடுக்கினால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இடது கை நண்டின் முதுகை அமுக்கியிருக்கும். வலது கை நூலைச் சுற்றும். அதில் ஆள்காட்டி விரல் கொக்கி மாதிரி மடங்கி முடிச்சை இழுக்கும். அந்த விரல்தான் தொழில். மற்ற ஒன்பதும் அதற்கு எடுபிடி.

செவ்வந்திக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மற்றவர்கள் போட்ட கட்டு தளர்ந்துபோன நண்டெல்லாம் அவளிடம்தான் வரும். பழைய கட்டை அறுத்துவிட்டு, உடனே புதுக் கட்டு போட வேண்டும். அறுப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவே நண்டு சுதந்திரமாக இருக்கும். அந்த நாலு நொடியில் ஒரு கையில் நண்டு, ஒரு கையில் கத்தி. கத்தியை மடக்கி இடுப்பில் செருகினால்தான் நூலை எடுக்க முடியும். திறந்த கத்தியைக் கீழே வைக்கலாமே என்று கேட்காதீர்கள். கொட்டகை முழுக்க ஈரம், ஈரம் முழுக்க வெறுங்கால்.

அவள் இடுப்பில் பதினாறு வருஷமாக இருந்தது ஒரு பேனாக்கத்தி. மரப்பிடி, இரண்டரை அங்குல இரும்பு, நகம் விட்டுத் திறக்க ஒரு சின்னப் பள்ளம். திறந்தால் நிலையாக நிற்பதற்குப் பூட்டு கீட்டு எதுவும் கிடையாது. உள்ளே ஒரு பட்டை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மடக்க வேண்டுமானால் முதுகைத் தொடையில் வைத்து ஓர் அமுக்கு. அது நூல் அறுத்தது, மாங்காய் சீவியது, அவள் புருஷன் வரதனின் கால் நகத்தையும் வெட்டியது. கடைசி வேலையில்தான் கத்தி அதிகம் தேய்ந்தது என்பாள்.

போன ஐப்பசியில் ஒரு நண்டு வந்தது. யாரோ கட்டியிருந்த முடிச்சு கொடுக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. செவ்வந்தி கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினாள். ஸ்பிரிங் எத்தனை வருஷம்தான் பொறுக்கும்? கத்தி பின்னால் மடங்கி நேரே அந்த ஆள்காட்டி விரலில் இறங்கியது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். இன்னும் ஒரு நூல் ஆழம் போயிருந்தால் விரல் மடங்கவே மடங்காது, இதே இடத்தில் மறுபடி வெட்டிக்கொண்டு வந்தால் அப்புறம் குச்சியாகத்தான் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மடங்காத விரலால் பூ கட்டலாம், கோலம் போடலாம், ஆட்களைக் காட்டித் திட்டலாம். நண்டு மட்டும் கட்ட முடியாது. செவ்வந்திக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

தையல் பிரிக்கிற வரை வீட்டில் தினமும் கத்தி வழக்குதான். வரதன் பேனாக்கத்தியின் வக்கீல்.

"கத்தி மேல இன்னா தப்பு? நீ நோண்டுனே, அது மடங்கிச்சு. மடக்குற கத்தின்னா மடங்காம இன்னா பண்ணும்?" என்றான்.

"உன் வெரலுன்னா இப்படிப் பேசுவியாய்யா?" என்று அவள் கேட்டாள். வரதன் தன் விரல்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எதிர்க்கட்சி மருமகன் இளவழகன். மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் கத்தி வீடியோ பார்ப்பான். உலகத்துக் கத்தியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நேரில் அவன் வெட்டியது என்று பார்த்தால், கல்யாணத்தில் ஒரு கேக். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு ஒரு லாக் கத்தியோடு வந்தான். வந்தவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான்.

"கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாங்க அத்தே. நீங்களே எடுத்துக்குங்க."

"அது ஏற்கெனவே நல்லா நடந்துகினுதான் இருக்கு மாப்ளே, சும்மா கையிலயே குடுங்க" என்றான் வரதன்.

நல்ல கத்திதான். கறுப்புப் பிடி. கத்தியின் பக்கத்தில் துவரம்பருப்பு அளவு ஒரு குமிழ். அதைக் கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறந்துகொள்ளும். திறந்ததும் பிடிக்குள்ளே இருக்கிற ஒரு தகடு டிக்கென்று நகர்ந்து கத்தியின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். அப்புறம் நீங்கள் நெம்பினாலும் குத்தினாலும் மேலே ஏறி உட்கார்ந்தாலும் பின்னால் மடங்காது.

அந்தக் குமிழைத்தான் மேரி பார்த்துவிட்டாள். "செவ்வந்தி பட்டன் கத்தி வச்சிகினு சுத்துது" என்று பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கச் செய்தி. பட்டன் கத்தி என்றால் ரவுடிகளின் சாமான். பட்டனை அமுக்கினால் கத்தி தானாகப் பாயும். இதில் அமுக்கவும் ஒன்றுமில்லை, பாயவும் ஒன்றுமில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவரை "ஏய்" என்று கூப்பிட்டவர்கள் "ஏம்மா" என்றார்கள். தண்ணீர்க் குழாயில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் பின்னால் போய் நின்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நாகப்பன் விசாரிக்கவே வந்துவிட்டார். வாங்கிப் பார்த்து, திறந்து, மூடி, திறந்து, மூடி, பதினோரு தரம் விளையாடிவிட்டு, ஆபத்தான பொருள்தான் என்று தீர்ப்புச் சொல்லி, இளவழகனிடம் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வம்பு வந்தது. கட்டு தளர்ந்த நண்டு ஒன்றை இடது கையில் பிடித்தாள். வலது கட்டைவிரலால் கத்தியைத் திறந்தாள். டிக். கட்டை அறுத்தாள். அதுவரை ராஜபாட்டை. மடக்கத்தான் தெரியவில்லை. தொடையில் வைத்து அமுக்கினால் சேலை கிழிந்தது, கத்தி அசையவில்லை. உள்ளே இருக்கிற தகட்டை விரலால் ஒதுக்கினால்தான் அது மடங்கும். ஒதுக்குகிற விரலோ கத்தி வருகிற வழியிலேயே இருக்கும். பழையது வேலை செய்யும்போது கடித்தது. இது ஓய்வெடுக்கும்போது கடிக்கப் பார்த்தது.

"மேரி, கொஞ்சம் புடிமே."

"எதை?"

"எதையாவது."

மேரி நண்டைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்கணும்" என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தாள்.

டீ வருகிற வரை செவ்வந்தி ஒரு கையில் நண்டு, ஒரு கையில் கத்தியோடு சிலையாக நின்றாள், எந்தக் கோயில் வாசலிலும் வைக்கலாம் போல. டீக்காரம்மாதான் நண்டை வாங்கிச் சாக்குக்குள் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரதனுக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

மறுநாளிலிருந்து செவ்வந்தி இரண்டு கத்தியையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலப்பக்கம் பழசு, இடப்பக்கம் புதுசு. நெம்புவதற்குப் புதுசு, சும்மா அறுப்பதற்குப் பழசு என்று திட்டம். திட்டம் நல்லதுதான். எந்த நண்டு நெம்பச் சொல்லும், எது சொல்லாது என்று முன்கூட்டியே தெரியாது, அதுதான் குறை. ஒரு வாரத்தில் இரண்டு தரம் பழைய கத்தி தையல் போட்ட இடத்தை உரசிவிட்டுப் போனது. ஒரு தரம் புதுசை அவசரமாக மடக்கி, விரல் நுனியில் ரத்தக் கோடு. நூலாக இருக்கிற வரை சரி, ஆழமாகப் போனால் தொழில் போச்சு என்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது பொய் அல்ல. மேரியே சாட்சி.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மழை ஓய்ந்து சரக்கு குவிந்திருந்தது. நண்டை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியின் ஏஜென்ட் தாமோதரன் வண்டியை வாசலில் நிறுத்தச் சொல்லி, டிரைவரை இன்ஜினை அணைக்கவிடாமல், விமானம் தனக்காகவே காத்திருக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். மேரி கையில் ஒரு நண்டு. மூன்று கிலோ என்று நான் சொல்வேன், ஒன்றரை என்று தராசு சொல்லும். நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி அவள் இறுக்கும்போது நண்டு உதறிப் பலகையிலிருந்து நழுவியது. நழுவியது கீழே விழவில்லை. அவள் விரலில் சுற்றிய நூலிலேயே தொங்கியது. நூல் விரலை இறுக்க, விரல் நாவற்பழ நிறத்துக்குப் போனது. நண்டின் ஒரு கொடுக்கு இன்னும் கட்டப்படாமல் அவள் மணிக்கட்டைத் தேடியது.

பக்கத்தில் செவ்வந்தி. அவள் இடது கையில், அப்போதுதான் கட்டு அறுத்த இன்னொரு நண்டு. வலது கை பழக்கத்தில் பேனாக்கத்தியை எடுத்தது. பள்ளத்தில் நகம் விட இன்னொரு கை வேண்டும். இல்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பாதி திறந்து, கை வழுக்கி, பட்டென்று மூடிக்கொண்டது. உதடு தப்பியது. கத்தியைத் தூர எறிந்துவிட்டு இடப்பக்கம் கை போட்டாள். கட்டைவிரல் குமிழைத் தள்ளியது. டிக். நூல் அறுந்தது. நண்டு விழுந்தது. மேரி விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, யேசுவை ஒரு தரமும் செவ்வந்தியை இரண்டு தரமும் கூப்பிட்டாள்.

"ஏம்மா செவ்வந்தி, ஆச்சில்ல, மடக்கி வச்சுட்டுக் கட்டும்மா. வண்டி நிக்குது" என்றார் தாமோதரன்.

அந்த அவசரத்தில் அவள் ஒரே கையால் மடக்கப் போனாள். விரல் தகட்டுக்கு மேல் போய்விட்டது. தையல் தழும்பு நேராகக் கத்தியின் வாய்க்கு முன்னால். அங்கேதான் நிறுத்தினாள். அவளாகத்தான் நிறுத்தினாள்.

காலால் ஒரு காலிக் கூடையை இழுத்து, கையில் இருந்த நண்டைத் தரையில் விட்டு, அதன் மேல் கூடையைக் கவிழ்த்தாள். நண்டு உள்ளே தட்டியது. இதை இந்த ஒரு வாரமாக யோசிக்கவில்லையே என்று கூடையைப் பார்த்து அவளே தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கத்தியை முகத்துக்கு நேரே தூக்கினாள். ஒரு கையால் பிடியைப் பற்றித் தகட்டை ஒதுக்கினாள். இன்னொரு கையால் கத்தியின் முதுகைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, கொஞ்சம் மடக்கி, விரலை வெளியே எடுத்து, மீதியையும் மடக்கினாள்.

"இன்னாம்மா, கத்திக்குத் தாலாட்டா? லேட்டாவுது."

"ஆவட்டும் சார். தொறக்கத்தான் அவசரம். மூடறதுக்கு இன்னா அவசரம்?"

தாமோதரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையில் இருந்தது பட்டன் கத்தி என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

செய்தி கேட்டுக் கொட்டகைக்கு வந்த வரதன் பேனாக்கத்தியை நண்டுக் கூடைகளுக்கு நடுவே தேடி எடுத்து, இனி இது தன் கால் நகத்துக்கு என்று அறிவித்தான். நீயே வெட்டிக்கோ என்று செவ்வந்தி அன்றோடு அந்த வேலையையும் விட்டாள். ஊரில் ஒரு நல்ல காரியமாவது நடந்தது.

அன்றைக்கு மிச்சம் முப்பத்தெட்டு நண்டு. கட்டு தளர்ந்தது எத்தனையோ அத்தனைக்கும் கூடை கவிழ்ந்தது, இரண்டு கையாலும் கத்தி மடங்கியது, விரல் மடங்கியது, முடிச்சு விழுந்தது. ஏழாவது நண்டில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, சாக்கு மேல் சாய்ந்து தூங்கிப்போனான்.