உழாமல் போட்ட கடலைக்காடு

எங்கள் வூட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் லைசென்ஸ் வைத்திருந்த துப்பாக்கி அது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றைக்குழல். குழல் வாயில் மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்தால்தான் வெடிக்கும். பாரஸ்ட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கிறவர்களுக்குப் பயிரைக் காப்பாற்றச் சர்க்கார் கொடுப்பது. பன்னியைக் கொல்லக்கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். மருந்து கெட்டிப்பது நான், வெடிப்பது அவர். வேலை எனக்கு, பேர் அவருக்கு.

எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைசியாக ஒப்படைத்த வூட்டுக்காரர், திருப்பி வாங்கப் போவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். துப்பாக்கி ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. பன்னிக்கு யார் போய்ச் சொன்னார்களோ, அந்த வருஷம் கடலை காய் பிடித்ததும் கூட்டமாக இறங்கிவிட்டது.

லைசென்சை என் பேருக்குக் கேட்டு கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டேன். பட்டா, வாரிசுச் சான்று, டாக்டர் சீட்டு எல்லாம் கொடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து ஒருத்தர் விசாரிக்க வந்தார்.

"உங்களுக்கு யாரோடயாச்சும் பகை இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க. நாலு காலு, ரெண்டு கோரைப்பல்லு."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். அவர் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். என் தலையில் கல்லைப் போட்டது வி.ஏ.ஓ. அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தது நான்.

"நாளைக்குக் காலையில நிலத்தைப் பாக்க வர்றேன் ஆயா" என்று போனில் சொன்னார். விடிந்து பார்த்தால் கால்வாசிக் காட்டைப் பன்னி பறித்துப் போட்டிருந்தது. முட்டி அளவு குழி, செடியெல்லாம் மல்லாந்து கிடந்தது. எங்கள் வூட்டில் ஒரு வழக்கம். பன்னி பறித்த காட்டை வெயில் ஏறுவதற்குள் மூடிவிட வேண்டும். குழி குழியாகக் கிடந்தால், ஆளில்லாத வூடு என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் சொல்வான். ஆள் போய்ச் சேர்ந்த வருஷத்தில் அந்தச் சொல் எனக்கு வேண்டுமா? நாத்தனாரை எழுப்பினேன்.

"அண்ணி, அதிகாரி பாக்க வர்றதே இந்தக் கந்தலைத்தானே?"

"அதிகாரி வர்றாருன்னு கந்தலைக் கட்டிக்கிட்டு நிப்பியா நீ? புடி மம்பட்டிய."

இரண்டு பேரும் குழியை மூடி, மண்ணை இழுத்து, கடித்துப் போட்ட செடியைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டோம். வி.ஏ.ஓ. வந்தார். வரப்பில் நின்றபடி போனில் இரண்டு போட்டோ எடுத்தார். "காட்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்க ஆயா" என்றார். உப்புக் கேட்டு வாங்கி மோர் குடித்தார், போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தை மாதம் பதில் வந்தது. எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். பயிர்ச் சேதம் ஏதும் காணப்படவில்லை. மனுதாரர் வயது முதிர்ந்த பெண். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

முதல் வரிக்கு நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வரிக்கு யார் பொறுப்பு? இதே வயது முதிர்ந்த பெண் குச்சிக்கிழங்கு பிடுங்கி லாரிக்கு ஏற்றினபோது எவனும் வயசு கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மருந்து கெட்டித்த கை இது. ஒரு நாள் ஒரு பொறி தெறித்ததில்லை. அதை ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள்.

நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன்.

"சேதம் இருந்தா காட்டியிருக்கலாமே ஆயா? கண்ணால பாத்ததைத்தான் நான் எழுத முடியும்."

"பன்னி வருதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா தம்பி? மோருல உப்பு பத்தலைன்னு மட்டும் கேக்கத் தெரிஞ்சுதே."

அவர் பைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

உத்தரவின் கடைசியில், முப்பது நாளுக்குள் சென்னையில் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம் என்று இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம், "விடு ஆத்தா, பட்டாசு வாங்கிப் போடு" என்றார்கள். பட்டாசும் போட்டுப் பார்த்தவள்தான் நான். நாலாம் நாளே பன்னிக்கு அது பழகிவிட்டது. தர்மபுரியில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தட்டிக்கொண்டே வாசித்தார்: "ஆதரவற்ற விதவையாகிய நான்..."

"அதை எடுத்துடுங்க. நிலத்துக்காரின்னு போடுங்க."

"ஆதரவற்றன்னு போட்டாத்தாம்மா அவங்களுக்கு மனசு எளகும்."

"எளக வேண்டாங்க. படிச்சாப் போதும்."

ஆவணியில் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் நானும் போனோம். மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்தவர் பைலைப் பார்த்துவிட்டு, சேதமே இல்லை என்று போட்டோவோடு எழுதியிருக்கிறதே என்று கேட்டார். மண்ணை மூடின கதையைச் சொன்னேன்.

"ஏம்மா மூடுனீங்க?"

"உங்க வூட்டுக்கு ஆள் வர்றப்ப வாசலைக் கூட்டாம வெப்பீங்களா?"

பக்கத்தில் இருந்த கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மறுபடி நிலத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "இந்தத் தடவை அவங்க வந்து பாக்கற வரைக்கும் காட்டைத் தொடாதீங்கம்மா" என்றார்.

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் என்னைக் கொன்றது அதுதான்.

புரட்டாசியில் பன்னி வந்தது. முதல் நாள் ஒரு மூலை. ஒரு வாரத்தில் பாதிக் காடு. நான் மம்பட்டியைத் தொடவில்லை. எங்கள் காடு ரோட்டோரம். பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். ஜன்னலில் இருந்த தலையெல்லாம் திரும்பிப் பார்க்கும். பங்காளி ஒருத்தன் வண்டியை நிறுத்தியே கேட்டான்: "என்ன ஆத்தா, பன்னிக்குக் குத்தகைக்கு வுட்டுட்டியா?"

"ஆமாண்டா. உன்னைவிட அது ஒழுங்கா வேலை செய்யுது."

வாய்தான் அப்படிச் சொன்னது. வூட்டுக்குள் வந்தால் சோறு இறங்கவில்லை. நான் வாழ வந்த நாளிலிருந்து அந்தக் காடு ஒரு நாள் குழியோடு கிடந்ததில்லை. பன்னி மேல் வந்த கோபத்தைவிட, வராத வி.ஏ.ஓ. மேல் வந்த கோபம் அதிகம். போன் பண்ணினால் மீட்டிங் என்பார். கேம்ப் என்பார். அவர் வந்து சேர்ந்தபோது காட்டில் பிடுங்கிச் சேர்க்க ஒரு கூடைக் கடலை கிடையாது.

வந்தவர் வண்டியை விட்டு இறங்காமலே போனை எடுத்தார்.

"எறங்குங்க தம்பி."

"இங்கேருந்தே தெரியுது ஆயா."

"போன தடவையும் அங்கேருந்துதான் பாத்தீங்க."

இறங்கினார். கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலை வரைக்கும் குழி குழியாக நடக்க வைத்தேன். பேன்ட்டெல்லாம் செம்மண். ஒவ்வொரு குழியிலும் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னேன். நடுக்காட்டில், "போதும் ஆயா" என்றார். "எனக்குப் போதலைங்க" என்றேன். மோர் கொடுக்கவில்லை. கிளம்பும்போது, "எழுதிடறேன், இனி உழுதுக்கங்க" என்றார்.

உழவில்லை. உத்தரவு கைக்கு வரட்டும் என்று போட்டு வைத்தேன். நாத்தனார் கெஞ்சினாள், "விதைக்கிற பட்டம் தப்புது அண்ணி." தப்பட்டும் என்றேன். இனி ஒருத்தன் வந்து சேதமில்லை என்று எழுதுவதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

ஐப்பசி முடிகிற நேரத்தில் என் பேருக்கு லைசென்ஸ் வந்தது. அன்றைக்கே ஏர் பூட்டி மூடினோம். கடலைக்கு நாள் போய்விட்டது. கொள்ளுதான் விதைக்க முடிந்தது. இரண்டு ஏக்கராவில் ஒரு வருஷத்துக் கடலை போனதுக்கு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை.

துப்பாக்கியை வாங்கி வந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மருந்து வாங்கினேன். கொள்ளு முளைத்த வாரம், பொழுது சாயும் நேரத்தில் பாரஸ்ட் ஓரம் புதர் அசைந்தது. நானே கெட்டித்தேன். நானே வானத்தைப் பார்த்து வெடித்தேன். தோளில் ஒரு இடி. புதருக்குள் உறுமிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

பயந்து ஓடி வந்த நாத்தனார், "அண்ணி, வி.ஏ.ஓ. வூடு வரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள்.

"கேக்கட்டும்" என்று அடுத்த மருந்தைக் கெட்டிக்க ஆரம்பித்தேன்.