விக்டோரியா டீச்சர் என்னை அழைத்துச் சென்ற வீடு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஈப்போ நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த எழுத்துகளில் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது கைப்பேசி ஒலித்தது. ஆயர் தாவாரிலிருந்து கஸ்தூரி. என்னிடம் நான்காம் ஆண்டில் படித்தவள், இப்போது ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள்.

"சார், விக்டோரியா டீச்சர் போயிட்டாங்க சார். காலையில அஞ்சரைக்கு. நீங்க தனியாவா இருக்கீங்க? யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு மறுபடியும் அந்தக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. நாளை வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விக்டோரியா டீச்சரிடம் படித்தவர்களும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் படிக்கக்கூடும். இறுதிச் சடங்கன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றிப் பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்பெங் பக்கம் இருந்த ஒரு தோட்டப் பள்ளியில் நாங்கள் இருவரும் பதினொரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே ரப்பர் பால் தரும் கித்தா மரங்களை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டிருந்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து பள்ளி வேனில் வந்தார்கள். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே கேட்கும்.

என் வகுப்பு அமைதியான வகுப்பு. ஆறாம் ஆண்டுத் தேர்வில் என் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள் என்ற பெயரும் எனக்கு இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் இரைச்சல். யாராவது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள், யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். அவர் டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மறுநாள் காலை டீச்சர் நேராக என்னிடம் வந்தார்.

"எங்க வகுப்புச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு சொன்னீங்களாம். எனக்கு உங்க வகுப்புதான் சார் பயமா இருக்கு. ஒரு சத்தமும் வரலையே."

அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. பாடத்திட்டப் பதிவேட்டை ஒருநாளும் நேரத்துக்கு ஒப்படைத்ததில்லை. திங்கட்கிழமைகளில் மூச்சு வாங்க ஓடி வருவார். பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் சுருதி எங்கோ போகும். பிள்ளைகளும் அதே சுருதியில் பாடுவார்கள். ஒருமுறை கல்வி இலாகாவிலிருந்து வந்த அதிகாரி, ஆண்டு முடியப்போகிறது, புத்தகம் இன்னும் பாதியில் நிற்கிறதே என்று கேட்டார். "புத்தகத்த ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் சார். பிள்ளைங்க கேள்வியத்தான் முடிக்க முடியல" என்றார் டீச்சர். அதிகாரி சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

அந்த ஆண்டு கஸ்தூரி என் வகுப்பில் இருந்தாள். பத்து வயது. முந்திய ஆண்டு டீச்சரிடம் படித்தவள். ஒரு நாள் பின்னப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். மூன்றாம் முறையும் அவள் காதில் விழவில்லை.

"என்ன, தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்து நேரா வந்திருக்கியா?" என்றேன்.

இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் எப்படிப் பயன்படுகிறது என்று தெரியும். மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், யாராவது கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வோம். காப்பிக் கடையில் சொல்வோம், கல்யாண வீட்டில் சொல்வோம். நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கஸ்தூரி மெல்ல நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

ஓய்வு நேரத்தில் டீச்சர் வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"சார், கஸ்தூரியோட அம்மா அங்கதான் இருக்காங்க. அஞ்சு மாசமா."

சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கென்ன தெரியும் டீச்சர்? நான் தெரிஞ்சா சொன்னேன்?"

"தெரியாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன். தெரிஞ்சு சொல்லியிருந்தா ஹெட்மாஸ்டர்கிட்ட போயிருப்பேன்லா."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"போன வருஷம் ஒருநாள் ரொம்ப வாடிப்போயி உக்காந்திருந்தா. ஏன்னு கேட்டேன். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னா. அப்பப்போ கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"விடுங்க டீச்சர். சின்னப் பிள்ளை. நாளைக்கு மறந்துரும்."

"நீங்க மறந்துருவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கஸ்தூரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாவது வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கண் அங்கேதான் போயிற்று. டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் நானே போய், "வீடு தெரியுமா டீச்சர்?" என்றேன். "தெரியும். வாங்க, என் கார்ல போலாம்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

கோப்பெங்கில் ஒரு மலிவு விலைத் தாமான். கஸ்தூரியின் அப்பா லாரி ஓட்டுநர், ஜொகூர் வரை போவார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அப்பாவின் அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்தவர் அந்த அத்தைதான்.

"வாங்க டீச்சர், வாங்க சார். ஸ்கூலுக்குப் போமாட்டேங்கிறா. வயித்து வலிங்கிறா, தலைவலிங்கிறா. என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நீங்களாச்சும் கேளுங்க."

கஸ்தூரி உள்ளறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அந்தக் கணம் நன்றாக நினைவிருக்கிறது. உடம்பு சரியாகி வரட்டும் என்று சொல்லிவிட்டு, கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை.

"நான்தான்மா காரணம்" என்றேன். வகுப்பில் சொன்னதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.  "எல்லாரும் சொல்றதுதானே சார்" என்றார். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அவற்றையெல்லாம் விட அந்த ஒரு பேச்சு என்னை அதிகம் சுட்டது.

கஸ்தூரியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சார் இங்க சொல்லிட்டாரு. ஆனா அன்னிக்கு வகுப்புல எல்லார் முன்னாலயும்ல சொன்னாரு. அங்க என்ன செய்யணும்? நீ சொல்லு. நீ சொல்றபடி சார் செய்வாரு."

அவள் வெகுநேரம் யோசித்தாள். நாங்கள் காத்திருந்தோம். அத்தை கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

"அம்மா பத்தி சொல்ல வேணாம். அந்தப் பேர வெச்சு யாரும் யாரையும் சிரிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க சார்."

திங்கட்கிழமை கஸ்தூரி வந்தாள். பாடம் தொடங்குமுன் வகுப்பின் முன்னால் நின்றேன். அன்று நான் சொன்னது தப்பு, அது ஒரு மருத்துவமனை, உடம்பு சரியில்லாதவர்கள் போகிற இடம், இனிமேல் அந்தப் பெயரைக் கேலிக்குச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது என்றேன். ஆசிரியராகி ஒன்பது வருடத்தில் பிள்ளைகள் முன்னால் "தப்பு" என்று என்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"சார், அங்க போனா நல்லாயிருவாங்களா?"

"டாக்டருங்க பாத்துக்கிறாங்க. நிறைய பேரு நல்லாகி வீட்டுக்கு வாராங்க" என்றேன். கஸ்தூரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். ஓய்வு நேரத்தில் என்னைப் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பசியாறிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்களானோம்.

போன ஆண்டு அவர் உடம்பு மோசமான பிறகு ஈப்போவில் அவர் மகன் வீட்டில் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன். கடைசியாகப் போனபோது நன்றாகப் பேசினார். புதிய ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல ஆசிரியர் என்றால் யார் என்பது தலைப்பு. "நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் மோசமான டீச்சரா இருந்த நாளுங்கதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு, நாற்பது வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, வண்ணப் பென்சில் கொண்டு வராத ஒரு சிறுமியை, கோடு போடும் அடிமட்டத்தால் கையில் அடித்திருக்கிறார். அந்த வீட்டில் பென்சில் வாங்க வழியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாளைக்குக் கூப்பிட்டுப் பேசலாம், அடுத்த வாரம் பேசலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டது. ஒரு விடுமுறையில் தேடிப் போனார். அங்கிருந்தும் போய்விட்டிருந்தார்கள்.

"பேரு பூங்கோதை. இடது கையில அடிச்சேன். அது இடது கைப் பழக்கம் உள்ள பிள்ள. ரெண்டு நாளு எழுத முடியாம உக்காந்திருந்துச்சு. எங்க இருக்கோ தெரியல சார்."

அவர் கண் கலங்கியதை முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன். கோப்பெங் வீட்டு வாசலில் அவர் ஏன் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அன்று விளங்கியது.

அவருடைய இறுதிச் சடங்குக்கு நிறைய பேர் வந்திருந்தார்கள். செபம் முடிந்து, இரங்கல் பேச்சுகள் தொடங்குமுன், கஸ்தூரி ஓர் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. வெள்ளைச் சேலை.

"சார், இதான் எங்கம்மா."

நான் அவரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. கும்பிட்டேன். அவரே பேசினார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை டீச்சர் இவள அங்க கூட்டிக்கிட்டு வருவாங்க சார். ஒரு வருசத்துக்கு மேல வந்தாங்க. மருந்து சாப்பிட்டு எனக்குப் பேச்சே வராது. ரிப்போர்ட் புக்கு குடுத்தா அத என் மடியில வெச்சிருவாங்க. 'கணக்குல கொறைஞ்சிருக்கு பாருங்க, கொஞ்சம் ஏசுங்க'ம்பாங்க. எனக்கு எங்க ஏச வரும்? இவ தலையத் தடவிக் குடுப்பேன். அப்புறம் பேனாவக் குடுப்பாங்க. கை நடுங்கும். வேணாம் டீச்சர், அத்தையே கையெழுத்துப் போடட்டும்னு சொல்லுவேன். 'நீங்க இருக்கீங்கல்ல, நீங்கதான் போடணும்'பாங்க. நான் போட்டு முடிக்கிற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருப்பாங்க சார், அந்தப் புக்க."

அந்த ரிப்போர்ட் புத்தகத்தில் மதிப்பெண்களை எழுதியவன் நான். பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த பிறகு சரிபார்த்தவனும் நான். கட்டத்தைத் தாண்டிக் கோணலாகக் கிடந்த அந்தக் கையெழுத்து எனக்கு நினைவிருக்கிறது. அத்தைக்கு எழுத வராது போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இத்தனை வருடமும் டீச்சர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைப் பேச அழைத்தது இதைக் கேட்ட ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான். நான் ஏன் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தாமான் மண்டபத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். டீச்சர் எனக்கு விட்டுப் போனது இன்னதென்று சொல்ல வேண்டுமென்றால், பேச வாயெடுக்கும்போது வருகிற ஒரு தயக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். அது எனக்குப் பிறவியில் கிடையாது. அவரோடு ஒரு வீட்டு வாசலுக்குப் போய்வந்த பிறகு வந்தது.

சென்ற வியாழக்கிழமை ஒரு சிறுமி வந்ததிலிருந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். வீட்டுக்கணக்கும் செய்துவரவில்லை. மற்றப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்கத் தயாராக. எனக்கும் ஒரு பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

 காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொல்லத் தொடங்கினாள்.