மாலை போட்ட படம்

லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாம்மாவாக வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஓவிய டீச்சர் வருவார். பிள்ளைகளைக் கண் மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார். பிறகு மனசில் இருப்பதை வரையச் சொல்வார். கிரேயான் கொடுப்பதும், படங்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதும் என் வேலை.

"வீட்டு ஆளுங்க கேட்டாலும் காட்டாதீங்க" என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தார். கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடுவாள். "நாய்க்குட்டி வருது, ஓடுங்கடா!" என்று மற்ற பிள்ளைகள் கத்துவார்கள். வரைய ஆரம்பித்த பிறகு அது குறைந்தது. கடிக்கத் தோன்றினால் கண்ணை மூடிப் பத்து மூச்சு எண்ணுவாள்.

அவளை அழைத்துப்போக வரும் அத்தை ஒருநாள் அவள் கையைப் பிடித்தபடியே கேட்டார்.

"இப்பல்லாம் வீட்ல சத்தமே இல்ல. என்னா மந்திரம் போட்டீங்க?"

எனக்கு ஆட்களிடம் பேச வராது. பதில் சொல்வதற்குப் பதிலாக அவள் படங்களை எடுத்து நீட்டினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது. வீடு, பஸ், கடல். நாலாவதில், சுவரில் அவள் அம்மாவின் போட்டோ. அதற்கு மாலை, கீழே எரியும் விளக்கு.

"அடிப்பாவி! உசுரோட இருக்கறவளுக்கு மாலை போட்டு வச்சிருக்கியே! கைய ஒடிக்கணும்டி!"

"பயமா இருந்துச்சு அத்த. அதான்..."

அத்தை அதை நாலாகக் கிழித்தார். நான் மற்ற படங்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு வாரத்தில் அவள் அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தவள், குழாயடியில் என்னிடம் கேட்டாள்.

"ஆயாம்மா, நான் வரைஞ்சதாலதான் அம்மா செத்துச்சா?"

"இல்ல கண்ணு."

"அத்த அப்பிடித்தான் சொல்லுது."

"இல்ல" என்றேன் மறுபடியும். காட்டியது என் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் சொல்லவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கண் மூடியபோது அவள் மட்டும் மூடவில்லை. பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து ஒரு பூ வரைந்தாள். அடுத்த வாரமும் அதே பூ. அதற்கடுத்த வாரமும். யாரையும் கடிக்கவில்லை, அழவும் இல்லை.

வருஷக் கடைசியில் டீச்சர் அந்தப் பூக்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ தெளிஞ்சிட்டா பாருங்க, ஆயாம்மா."

"ஆமாங்க டீச்சர்" என்றேன்.