பேப்பர்ல பேர் இருக்கா?

பதினாறு பேரையும் விரலை நீட்டி எண்ணி முடித்தவர், கடைசி ஆள் நடுவில் நகர்ந்துவிட்டார் என்பதற்காக மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார். யாரும் முணுமுணுப்பதில்லை. போன மாதம் முணுமுணுத்த பன்றிப் பண்ணைக்காரரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

“பதினாறு. சரி, உள்ள போங்க. தள்ளாதீங்க. ஜன்னல் பக்கம் யாருன்னு சண்டை போடாதீங்க.”

ஐம்பது வயது வங்கி மேலாளர், பல் டாக்டர், இரண்டு பாட்டன்மார் எல்லோரும் ஒழுங்காக உள்ளே போகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார் டெல்ஃபின் க்ரோன்.

வயது அறுபத்தொன்பது. பெல்லார்ட் நகர நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில் கிராண்ட் ஜூரி அறைக்கு டவாலி. அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஊரில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் போய் வந்தவர்கள். மீதிப் பேர் அந்த பஸ்ஸுக்கு வழிவிட்டவர்கள். எல்லோருக்கும் அவர் மிஸ் டெல். அவருக்கு எல்லோரும் தம்பி, இல்லாவிட்டால் கண்ணு. எங்கள் நீதிபதிக்கு எழுபத்திரண்டு வயது. அவரும் தம்பிதான்.

அந்த அறைக்குள் நடப்பது ரகசியம். குலுக்கிப் போட்டு எடுத்த பதினாறு ஊர்க்காரர்கள், ஒருவர்மீது குற்றம் சாட்டலாமா கூடாதா என்று சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்வார்கள். உள்ளே அவர்கள், கேள்வி கேட்கிற அரசு வழக்கறிஞர், சுருக்கெழுத்துக்காரி, முறை வந்த சாட்சி. இவர்களைத் தவிர ஒரு தலை கூடுதலாகத் தெரிந்தாலும் வழக்கு குப்பைக்குப் போகும். ஓட்டுப் போடும்போது வழக்கறிஞரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆகவே மிஸ் டெல்லுக்கு உலகத்தில் ஒரே கேள்விதான்: “பேப்பர்ல பேர் இருக்கா?”

கதவின் பக்கத்தில், செருப்பு வைக்கிற துணித் தொங்கல் ஒன்றை மாட்டியிருக்கிறார். உள்ளே போகிறவர்கள் போனை அதன் பைகளில் போட்டுவிட வேண்டும். கைக்கடிகாரத்தையும்தான். “இப்பல்லாம் வாட்ச்சே பேசுதாம். ஒட்டுக்கேக்குதாம். கழட்டு.” காது கேட்கும் கருவியைக் கழற்றச் சொல்லவில்லையே என்று ஒருவர் கிண்டல் செய்ததற்கு, “அதையும் யோசிச்சேன், அப்புறம் நான் சொல்றது உனக்கு எப்படிக் கேக்கும்?” என்றார்.

சரி, கவர்னர் விஷயத்துக்கு வருவோம். கர்ட் லண்டீன் இரண்டு தடவை மக்கள் ஓட்டு வாங்கி ஜெயித்த எங்கள் ஊர்ப் பிள்ளை. ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வீடு. அந்த வீட்டு வாசல்வரை முக்கால் மைல் தூரம், நெடுஞ்சாலைத் துறை ஆட்கள், நெடுஞ்சாலைத் துறைத் தார், நெடுஞ்சாலைத் துறை உருளையோடு வந்து மழமழவென்று ரோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொதுச்சாலையில் இருக்கும் குழியில் என் காரின் அச்சு உடைந்த அதே வாரம். எனக்கு வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது.

விசாரிக்க வேண்டியவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர். அவர் கவர்னரின் தங்கை புருஷன். மச்சான் மச்சானை விசாரித்தால் விருந்துதான் நடக்கும் என்று ஊரே சிரித்ததில், அவர் ஒதுங்கிக்கொண்டார். நீதிபதி வெளியூரிலிருந்து ஒரு சிறப்பு வழக்கறிஞரை நியமித்தார். பெயர் எமெரி ஃபாஸ். நல்ல மூளை. ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

முதல் நாள் மிடுக்காக வந்தார். பின்னால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உதவியாளர்.

“பேப்பர்ல பேர் இருக்கா?”

“அம்மா, நான்தான் ஸ்பெஷல் ப்ராசிக்யூட்டர்.”

“ஸ்பெஷலா இரு, சாதாவா இரு. பேப்பர் எங்க தம்பி?”

ஆணையை ஓட்டலில் வைத்துவிட்டு வந்திருந்தார். போய் எடுத்து வந்தார். மிஸ் டெல் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தார். ஃபாஸ் நின்றுகொண்டே இருந்தார். ஏரிக்கரை ரோடு பற்றி மட்டும் விசாரிக்கலாம். இவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். ஆரம்ப விசாரணைக்கே ஒருமுறை கெடு நீட்டியாயிற்று. மார்ச் பத்தாம் தேதி மாலை ஐந்து மணியோடு அதிகாரம் முடிகிறது, இனி நீட்டிப்பு இல்லை. படித்து முடித்ததும் விரலால் உதவியாளரைக் காட்டினார்.

“இவன் பேர் இதுல இல்லையே.”

“பெட்டி தூக்கத்தான்மா வந்திருக்கான்!”

“பெட்டி போகலாம். அவன் போக முடியாது.”

சிறப்பு வழக்கறிஞர் கோட்டைக் கழற்றி, பதினோரு பெட்டிகளைத் தானே நான்கு நடையில் சுமந்தார். உள்ளூர்ப் பத்திரிகை நிருபரான நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ரசித்தேன். ரசித்ததோடு விட்டேனா? மிஸ் டெல் வீட்டுப் புல்வெளியில் கவர்னரின் தேர்தல் பலகை நட்டிருப்பதையும் சேர்த்து, ‘கவர்னர் வீட்டு வாயிற்காப்பாளர்’ என்று பத்திரிகையில் எழுதிவிட்டேன். மறுநாள் பேப்பரை மடித்துக்கொண்டு என் பெஞ்சுக்கே வந்தார்.

“ஒரு போர்டுன்னு எழுதியிருக்கே. என் வீட்ல ரெண்டு இருக்கு. பின்பக்கமும் போய்ப் பாக்கறதில்லையா?”

அவருக்குக் கர்ட்டைப் பிடிக்கும். அதை மறைத்ததே இல்லை. பதினோரு வருஷம் தன் பஸ்ஸில் ஏறி இறங்கிய பிள்ளை. ஒருமுறை பனிப்புயலில் பஸ் ஆறு மணி நேரம் நடுவழியில் மாட்டிக்கொண்டபோது, அழுத சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் மாட்டுச் சந்தை ஏலக்காரர் மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவன். மிஸ் டெல்லின் கணவர் இறந்த குளிர்காலத்தில், கவர்னராக இருந்துகொண்டு, காமிரா எதுவும் இல்லாமல் விடியற்காலையில் வந்து அவர் வீட்டு வாசல் பனியை வாரிக் கொட்டிவிட்டுப் போனார். “என் வயித்துல பிறக்கல, அவ்வளவுதான்,” என்பார் மிஸ் டெல்.

அந்த கர்ட் சாட்சி சொல்ல வந்த அன்று, கூடவே மெய்க்காவலர் ஒருவர், வக்கீல் மெர்ல் ஹாகன்.

“கர்ட், நீ மட்டும் வா.”

“மிஸ் டெல், இவர் என் வக்கீல்.”

“பேப்பர்ல உன் பேர்தான் இருக்கு. வாயில என்ன? சூயிங்கம்மா?”

ஒரு மாநிலத்தின் கவர்னர் சூயிங்கத்தைத் துப்பினார். மிஸ் டெல் காகிதக் கைக்குட்டையில் வாங்கி மடித்துக்கொண்டு, அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். “உண்மையச் சொல்லிட்டு வா கண்ணு,” என்று கதவைத் திறந்துவிட்டார். ஹாகன் பல்லைக் கடித்தது என் பெஞ்சுவரை கேட்டது.

மார்ச் பத்து, திங்கட்கிழமை. கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்கு ஜூரி கூடியது. சாட்சிகள் முடிந்தாயிற்று, ஃபாஸ் தொகுத்துச் சொல்ல வேண்டும், ஜூரிகள் ஓட்டுப் போட வேண்டும், குற்றப்பத்திரிகையில் ஃபாஸ் கையெழுத்திட வேண்டும், கீழே அலுவலகத்தில் முத்திரை விழ வேண்டும். எல்லாம் ஐந்துக்குள். ஐந்து அடித்துவிட்டால் ஃபாஸ் வெறும் ஃபாஸ். அதற்குப் பின் அவர் போடும் கையெழுத்து மளிகைச் சீட்டுக்குக்கூட உதவாது. கவர்னர் தப்பித்தார்.

நாலே கால். கதவுக்கு அப்பால் ஃபாஸின் குரல் முனகலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு இருபது. அவசரமே இல்லாத குரல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனுஷனுக்குப் பைத்தியமா?

பெஞ்சில் என் பக்கத்தில் ஹாகன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலச் சிரித்தபடி இருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் மாவட்ட வழக்கறிஞராக இருந்தவர் அவர்.

“மிஸ் டெல், நேத்து உங்க வீட்டுக் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி வச்சீங்களா?”

“வச்சேன்.”

“உள்ள இருக்கறத?”

மிஸ் டெல் கதவைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசந்தம் வருகிறதென்று நாடு முழுக்க ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளி வைத்த மறுநாள் அது. ஜூரி அறைச் சுவர்க் கடிகாரம் மட்டும் உயரத்தில் இருக்கிறது. கட்டடப் பராமரிப்பாளருக்கு முழங்கால் வலி. ஏணி தேடி, வலி குறைந்து, அவர் அதைத் திருத்துவதற்குள் ஏப்ரல் ஆகிவிடும். வருஷா வருஷம் இதே கதை. வெளியூர்க்காரர் ஃபாஸுக்கு இது எப்படித் தெரியும்? தன் கைக்கடிகாரமும் போனும் துணித் தொங்கலில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே அவர் சுவரைப் பார்த்தால் மூன்றரைகூட ஆகியிருக்காது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதென்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஹாகன் குரலைத் தாழ்த்தினார். “யார் உள்ள போறாங்கன்னு பாக்கறதுதான் உங்க வேலை. மணி சொல்றது உங்க வேலை இல்ல. நான் தப்பாச் சொல்றேனா?”

“தப்பில்ல.”

“எதுவும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திருங்க. கர்ட் வீட்டுக்குப் போயிடுவான். யாரும் உங்களை ஒரு வார்த்தை கேக்க முடியாது.”

வாஸ்தவம். யாரும் கேட்க முடியாது. நானே என்ன எழுத முடியும்? டவாலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றா?

மிஸ் டெல் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. எனக்கே பாவமாக இருந்தது. என் கார் அச்சை உடைத்த கவர்னர்மேல் எனக்கிருந்த எரிச்சல்கூட ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது.

“மெர்ல், பஸ்ல ஒரு பிள்ளை கதை பேசிக்கிட்டே வருது. இறங்கற இடம் வந்தது தெரியல. எனக்குத் தெரியுது. நான் பேசாம ஓட்டிட்டுப் போனா, அது என்ன பொழப்பு?”

“அந்தப் பிள்ளைய உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதே!”

“ஆமா. சுத்தமாப் பிடிக்காது.”

எழுந்து கதவை மூன்று தட்டு தட்டினார். கட்டடமே அதிர்ந்தது. பிடியைத் தொடவில்லை, வாசலைத் தாண்டவில்லை. அவர் பேரும்தான் பேப்பரில் இல்லையே.

ஃபாஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “எந்த அதிகாரத்துல தட்டறீங்க? கவர்னருக்காகவா? உங்களை இன்னிக்கே வேலைய விட்டு—”

மிஸ் டெல் வராந்தாக் கடிகாரத்தைக் காட்டினார். நாலு இருபத்தெட்டு. ஃபாஸ் அதைப் பார்த்தார், திரும்பி அறைக்குள் எட்டிப் பார்த்தார், மறுபடியும் இதைப் பார்த்தார். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஓட்டுப் போடுங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, சுருக்கெழுத்துக்காரியையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து சுவரோடு ஒட்டி நின்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹாகன் எழுந்து நீதிபதி அறைக்கு ஓடி, டவாலி கதவைத் தட்டியது சட்டவிரோதம் என்று முறையிட்டார். நீதிபதி வாசலுக்கே வந்து கேட்டார்: “மிஸ் டெல், தட்டினீங்களா?”

“தட்டினேன் தம்பி. தட்டக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கா?”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

நாலு நாற்பத்தொன்பதுக்கு ஜூரித் தலைவரான பல் டாக்டர் காகிதத்தை நீட்டினார். குற்றம் சாட்டலாம் என்று பதிமூன்று பேர். ஃபாஸ் சுவரிலேயே வைத்துக் கையெழுத்திட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் உருண்டு புரண்டு இறங்கினார். நாலு ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது. கீழே நிருபர்கள் போட்ட கூச்சல் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. (ஒரு ஜூரியைப் பிறகு கேட்டேன்: கடிகாரம் தப்பாக ஓடுவது தெரியாதா? “தெரியும். அவருக்கும் தெரியும்னு நினைச்சோம்,” என்றார். எங்கள் ஊர் இப்படித்தான்.)

ஜூரிகள் போன்களை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். மிஸ் டெல் கடைசியாக ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஐந்து அடித்தது. நெஞ்சில் குத்தியிருந்த நீதிமன்ற அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

ஹாகன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கோபம் போய் ஏதோ ஒரு களைப்பு வந்திருந்தது. “நீங்க தட்டினத நான் கர்ட்கிட்ட சொல்ல மாட்டேன். ஃபாஸே மணியப் பாத்துட்டான்னு சொல்லிடறேன். இவன் எழுதாம இருந்தாப் போதும்,” என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். உண்மையாகவே எழுதக் கூடாது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

“அவன் எழுதட்டும். அதுக்கு முன்னாடி கர்ட் என் வாயால கேக்கணும்.”

கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடிக்கும்போது, யாரோ நேரில் வந்துவிட்டது போல நிமிர்ந்து நின்று தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார்.

“கர்ட்? நான்தான். செய்தி வந்திருக்கும். கதவத் தட்டினது நான் கண்ணு.”

மிஸ் டெல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கர்ட் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டே வைப்பதென்று நின்றுகொண்டிருந்தார்.