ஒரு வேலைக்கு ரெண்டு கேபிள்

றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தேநீர் இரண்டு வகையாக வரும். ஸ்டாஃப் ஐயாமாருக்கு அலமாரியில் இருக்கும் பீங்கான் கோப்பை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களுக்கு ஜன்னல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் கப். நான் கம்ப்யூட்டர் படித்த லயத்துப் பிள்ளை, அதுவும் தற்காலிகம். ஆகவே பிளாஸ்டிக். நிரந்தரக் கடிதம் வந்தால் பீங்கான். இவ்வளவு தெளிவான பதவி உயர்வு கொழும்பில்கூட இருக்காது. தேநீர் ஊற்றும் பியோன் அண்ணன் எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். என்னைத் தம்பி என்பார், என் கப்பை மட்டும் விளிம்பு வரை நிரப்புவார்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் ஹெட் ஆபீஸ் ஒரு சர்வரை அனுப்பியது. அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு கற்பனைக் கம்ப்யூட்டர்கள் ஓடும். ஒன்றில் வேலைக்கு வந்தவர்களின் பேர்ப்பட்டியல், மற்றதில் ஃபெக்டரிக்கு வரும் கொழுந்தின் நிறை. லயக் காம்பராவில், ஒரே அறைக்குள், குறுக்கே சேலை கட்டி இரண்டு குடும்பம் இருப்பது மாதிரி. கொழும்பில் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்றார்கள். நாங்கள் அதில்தான் பிறந்து வளர்ந்தோம்.

பெட்டியின் முதுகில் இரண்டு நெட்வர்க் கார்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதற்கு டீமிங் என்று பேர். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதல் கேபிள் போனால் அடுத்தது தாங்கும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள் மல்லுக்கட்டி முடித்தேன். ஹெட் ஆபீஸ் பெரியவர் வியாழக்கிழமை வருவார், அவருக்குத் திருப்தியென்றால் என் கடிதத்தில் கையெழுத்து விழும் என்றார்கள்.

புதன்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரை வந்து பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில்தான் தொடங்கினார்.

"மொக்கத மே? ஒரு பெட்டிக்கு ரெண்டு வயரா? இது என்ன செய்யுது?"

"காத்துக்கிட்டு இருக்கு சேர்."

மலையில் ஒரு நிமிஷம் சும்மா நின்றவளுக்கு அரைநாள் சம்பளத்துக்கு மட்டும் பேர் போடுகிற மனிதரிடம் நான் சொன்ன பதில் இது. அவர் ஒன்றும் பேசாமல் போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா.

வியாழக்கிழமை பெரியவர் பீங்கானில் குடித்து முடித்ததும், "இப்ப பாருங்க சேர்" என்று, முதுகுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டு ஒரு கேபிளை உருவினேன். கல்யாண வீட்டு மெஜிக்காரன் தோற்றான். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் செத்தன. ஃபெக்டரியிலிருந்து ஃபோன் அலறியது.

இரண்டாவது கார்டு வெறுமையாக இருந்தது. தேடிக்கொண்டு ஓடினேன். அந்த நீலக் கேபிள் தொரையின் அறையில், அவருடைய புது லெப்டொப்பில் மாட்டியிருந்தது. வாசலில் நின்ற பியோன் அண்ணன் என் காதருகே வந்து, "தொரைதான் தம்பி கழட்டித் தரச் சொன்னாரு. ஒரு வேலைக்கு ரெண்டு எதுக்குன்னாரு" என்றார்.

திரும்பி வந்தபோது பெரியவர் கேட்டார், மற்றக் கேபிளைக் கழற்றியது யார் என்று. தொரை சுவர்க் கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என் கடிதத்தைத் தயார்செய்து கையெழுத்துக்கு அனுப்ப வேண்டியவர் தொரை.

"ரூம் கூட்டும்போது கழண்டிருக்கும் சேர்" என்றேன்.

ரூம் கூட்டுகிறவர் ஆபீசில் ஒரே ஆள்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கேபிளைத் திரும்ப மாட்டி, உருவிக் காட்டினேன். எதுவும் நிற்கவில்லை. பெரியவருக்குப் பரம திருப்தி.

மறுநாளே அண்ணனைப் புல்லுவெட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. புதுப் பியோன் பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார், முக்கால்வாசிதான் ஊற்றியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஆபீசுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அண்ணன் புல்லுச் சுரண்டியோடு எதிரே வந்தார். ஸ்டாஃபுக்கு விடுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"கேபிள் ரெண்டும் சரியா மாட்டியிருக்குங்களா, ஐயா?"